ஆளுக்குப் பத்துத் துண்டு

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே டைப்பிஸ்ட் அம்மா பேக்கரிக்குள் நுழைந்துவிட்டாள். தோளில் பெரிய பை.

செவ்வாயும் வெள்ளியும் சரியாக ஐந்துக்கு வருகிறவள். இந்த வெள்ளிக்கிழமை முந்திக்கொண்டதற்குக் காரணம், கையிலிருந்த கடிதம்.

பேக்கரி கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். தங்கள் புகார் கிடைத்தது, தங்கள் விருப்பப்படியே சிறிய பிரெட் இந்த வாரம் முதல் மீண்டும் கடைக்கு வருகிறது, நாளொன்றுக்கு ஆறு, தங்கள் அக்கறைக்கு நன்றி.

படித்ததும் அவளுக்குப் பகீரென்றது.

புகார் அவள் எழுதியதுதான். நாலு மாதத்துக்கு முன்னால். முப்பத்திரண்டு வருடம் ஆபீசில் அடுத்தவர் கடிதங்களையே டைப் அடித்துக் கொடுத்தவள், தனக்கென்று உட்கார்ந்து எழுதிய முதல் கடிதம். 'பொருள்: சிறிய பிரெட் நிறுத்தப்பட்டது குறித்து' என்று தொடங்கி இரண்டு பக்கம் விளாசியிருந்தாள். பெரிய பிரெட்டில் இருபது துண்டு. தனியாக இருக்கிற மனுஷி எத்தனை தின்பாள்? நாலாம் நாள் பூஞ்சை பிடித்துவிடுகிறது. தூக்கிப் போட மனசு வருமா? குடும்பம் இருக்கிறவனுக்கு மட்டும்தான் வயிறு இருக்கிறதா?

அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினாள்.

பதில் வரவில்லை. லிஃப்ட்காரர்தான் வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அலமாரி முன்னால் நின்று பொருமிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒருவரும் அதையேதான் பொருமினார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் ஒண்டிக்கட்டை. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்களேன் என்று சொல்லி, கவுன்ட்டர் பெண் ஒரு பெரிய பிரெட்டைத் துண்டு போட்டுக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து ஜன்னலோர மேசையில் பத்து நிமிடம். ஆளுக்குப் பத்துத் துண்டு. முனைத் துண்டு ஆளுக்கொன்று, தகராறே கிடையாது.

பேச்செல்லாம் பேக்கரியைத் திட்டுவதுதான். கிரீம் ரோலில் கிரீம் இரண்டு முனையில் மட்டும், நடுவில் வெறும் காற்று. நேற்றைய பன்னுக்கு இன்றைய தேதி ஸ்டிக்கர். பஃப்ஸைப் பிய்த்தால் உள்ளே அரை முட்டை, மீதி அரை எவன் வீட்டுக்குப் போனதோ! வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

மற்ற ஐந்து நாளும் அவள் வாயைத் திறப்பது பால்காரரிடமும், வீடு மாறி மணியடிக்கிற கூரியர்காரரிடமும்தான். சில நாள் அதுவும் இல்லை. குரல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை சும்மா இருமிப் பார்த்திருக்கிறாள்.

சின்ன பிரெட் வந்துவிட்டால் அவருக்கு இவளுடைய பாதி எதற்கு? அவர் பெயர்கூடத் தெரியாது, போன் நம்பரும் கிடையாது. சும்மா பேசிக்கொண்டிருக்க வாருங்கள் என்று எந்த வாயால் கூப்பிடுவது? இந்த வயதில்?

அதனால்தான் பெரிய பை. அவர் வருவதற்குள் ஆறையும் வாங்கி உள்ளே அமுக்கிவிட வேண்டும்.

அலமாரியில் ஒன்றுகூட இல்லை.

கவுன்ட்டர் பெண்ணிடம் கடிதத்தைக் காட்டிக் கேட்டாள். திங்கட்கிழமையிலிருந்து தினமும் வருகிறது, ஆனால் கடை திறந்த உடனே ஒருவரே வந்து ஆறையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார் என்றாள் அந்தப் பெண்.

எந்தப் புண்ணியவானோ, நன்றாக இருக்கட்டும். டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உங்க கூட பாதி வாங்குவாரே, அந்த லிஃப்ட் சார்தாம்மா அது."

வந்த உயிர் மறுபடி போனது.

ஆக, அவருக்கு முன்பே தெரியும். செவ்வாய்க்கிழமை இதே மேசையில் உட்கார்ந்து பத்துத் துண்டை எண்ணிக் கொடுத்த மனுஷன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே. இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். கூச்சம் என்ன கூச்சம், வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பிரெட்டுக்காகவா அழுகிறாள் என்று இந்தப் பெண் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். கிளம்பிவிடலாமென்று திரும்பினாள்.

கதவு திறந்தது. மணி ஐந்து.

லிஃப்ட்காரர் அலமாரியை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"இன்னைக்கும் சின்ன பிரெட் வரலையா? என்ன கம்பெனிங்க இது!"

கவுன்ட்டர் பெண் கீழே குனிந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

டைப்பிஸ்ட் அம்மா அவரையே பார்த்தாள். மனுஷன் இவள் பக்கம் திரும்பவே இல்லை. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பொய் சொல்லிப் பழக்கமே இல்லை போலிருக்கிறது, பாவம்.

கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

"எங்கங்க வருது! நானும் எழுதி எழுதிப் பார்த்துட்டேன், ஒரு பதில்கூடப் போடல."