பாய்மரத்து விளக்கு

திசைகாட்டும் கருவி இல்லாத காலம். நடுக்கடலில் ஒரு மரக்கலம் வழி தவறிவிட்டது.

"வானத்தில் ஒன்றுமே இல்லை. நான் மட்டும் இல்லாவிட்டால் இந்த மாலுமியின் கதி என்ன ஆவது!" என்றது பாய்மரத்தில் தொங்கிய விளக்கு.

"கொஞ்சம் சும்மா இரேன். அவன் துருவ நட்சத்திரத்தைத் தேடுகிறான்" என்றது பாய்மரம்.

மாலுமி அண்ணாந்து பார்த்தான். விளக்கொளியில் கண் கூசியது. எட்டி அதை ஊதி அணைத்தான். வானம் முழுக்க நட்சத்திரங்கள் தெரிந்தன. தேடியது கிடைத்ததும் சுக்கானை வடக்கே திருப்பினான்.

திரியின் நுனியில் கங்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. விளக்கு முதல்முறையாக மேலே பார்த்தது.

"பார்த்தாயா?" என்றது பாய்மரத்திடம். "நான் ஒருத்தன் செய்த வேலைக்கு இப்போது எத்தனை பேர் வர வேண்டியிருக்கிறது!"