மூன்றாம் கூண்டு

"சார், சரியா ரெட்டிப்பு." சுப்ரியா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

பேராசிரியர் வெங்கடகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார்.

வலிப்பு மருந்து மட்டும் குடித்த இரண்டாம் கூண்டு எலிகளின் மூளையில் ஒரு பங்கு மருந்து. கூடவே வீக்கத்துக்கான மருந்தும் குடித்த மூன்றாம் கூண்டு எலிகளின் மூளையில் இரண்டு பங்கு.

மூன்று வருட உழைப்பு. ஐந்து மணிக்குள் கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டால், அவளுடைய டாக்டர் பட்டம் கைக்கு வந்த மாதிரிதான்.

"அனுப்பிடு, அனுப்பிடு. திரும்பத் திரும்பப் பார்த்துண்டிருக்காதே" என்றார் அவர்.

அதற்குள் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் தாணுலிங்கம் கிழக்கேகோட்டையிலிருந்து போளி வாங்கி வந்துவிட்டார்.

"மோளே, நம்ம எலி பாஸாயிட்டா?"

"டிஸ்டிங்ஷன், அண்ணே. ரெண்டு கூண்டுக்கும் குடிக்க ஒரே வெள்ளம், திங்க ஒரே தீனி. அந்த வீக்க மருந்து ஒண்ணுதான் வித்தியாசம்."

போளிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த தாணுலிங்கத்தின் கை நின்றது.

"வேற ஒண்ணும் உண்டு மோளே."

"என்ன?"

"ரெண்டு மருந்தும் குடிச்சதுக வாடிக் கிடந்துது. நமக்கு மேலுக்குச் சுகமில்லேன்னா மிளகு ரசஞ்சோறுதானே? என் சோத்துப் பாத்திரத்துல இருந்து தினமும் ஒரு பிடி..."

சுப்ரியா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"மிளகே மருந்தை மூளைக்கு ஏத்திவிடும், அண்ணே. இனி எது பண்ணின வேலைன்னு யார் சொல்றது? ரசம் ஊத்த என் தீசிஸ்தானா கிடைச்சுது?"

"தெரியாமப் போச்சு மோளே."

"சரி, அதை இப்ப ஏன் சொன்னீங்க? பேசாம போளியைத் தின்னிருக்கலாம் அல்லே?"

"தின்னா இறங்கணுமே."

அவள் பேராசிரியரிடம் திரும்பினாள். "சார், இவரை இன்னைக்கே இங்கேர்ந்து மாத்துங்கோ. இப்படி ஒருத்தரை வெச்சுண்டு ஆராய்ச்சி பண்ண முடியாது."

மணி நாலே முக்கால். வெங்கடகிருஷ்ணன் கை நீட்டி, அனுப்பத் தயாராக வைத்திருந்த மெயிலை அழித்தார்.

"அவர் இருக்கட்டும், சுப்ரியா."

"சார்?"

"மூணாம் கூண்டுல சோத்துப் பருக்கை கிடந்ததை நான் போன மாசமே பார்த்தேன். உன் கண்ணுல படறதுக்குள்ளே கூட்டி அள்ளிக் கொட்டினதும் நான்தான்."