ஒத்துப்போன டி.வி.க்கள்

"கூடத்து டி.வி.யும் ரூம் டி.வி.யும் இப்ப இரட்டைப் பிள்ளைங்க மாதிரிம்மா. வெளிச்சத்துலயும் கலர்லயும் இம்மி வித்தியாசமில்ல" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினார்.

மகன் அனுப்பிய ஆள். அறை டி.வி. மங்கலாக இருப்பதால்தான் அப்பா கூடத்துக்கு வந்து, அம்மாவைத் தொடர் பார்க்கவிடாமல் தொணதொணக்கிறார் என்று அவனுக்கு வருத்தம்.

"உன் அழுமூஞ்சி நாடகத்துலேருந்து இனி எனக்கு விடுதலை" என்று கணவர் அறைக்குப் போனார்.

"என் காதுக்கும் விடுதலை" என்றாள் அவள்.

தொடர் ஆரம்பித்தது. வில்லி வழக்கம்போல மருமகளின் பாலில் எதையோ கலந்தாள். "அவதான் தினமும் கலக்குறாளே, இவ ஏன் குடிக்கிறா?" என்று கேட்க ஆளில்லை. சோபா திடீரென்று அகலமாகிவிட்ட மாதிரி இருந்தது.

அவள் ரிமோட்டை எடுத்தாள். மெக்கானிக் எந்தப் பட்டனை அழுத்தினார் என்று பார்த்து வைத்திருந்தாள். வெளிச்சத்தைக் குறைத்தாள், கலரையும் குறைத்தாள். வில்லி சாம்பலாய் வெளிறிப்போனதும் எழுந்து போய் அறைக் கதவைத் தள்ளினாள்.

"என்னங்க, கூடத்து டி.வி. மங்கிப்போச்சு. இங்கயே உக்காந்து உங்க மேட்சைப் பாக்கட்டுமா?"

கட்டிலில் ரிமோட்டும் கையுமாக இருந்தவர் திருதிருவென்று விழித்தார். எதிரே திரையில் பந்து எது, ஆள் எது என்றே தெரியவில்லை.

"இங்கயும் அதே கதைதான். இப்பதான் உன்கிட்ட வரலாம்னு எழுந்திருக்கப் போனேன்."

"அப்போ இத்தனை நாளும் இது உங்க கைவேலைதானா?"

அவர் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார்.

அவளுடைய போன் அடித்தது. மகன்.

"அம்மா, ரெண்டு டி.வி.யும் ஒத்துப்போச்சா?"

"ரொம்ப நல்லா ஒத்துப்போச்சுப்பா" என்றாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடி.