பன்னிரண்டு கம்பிகள்

"வாங்கண்ணா, வாங்கக்கா! என்ன பாக்கறீங்க?"

அன்ஜுமின் வரவேற்புக்கு அந்த மனிதன் பதில் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. சுவரில் வரிசையாகத் தொங்கிய கிடார்களை அண்ணாந்து பார்த்தபடி கடைக்குள் நடந்தான்.

பின்னால் வந்த அவன் மனைவிதான் சிரித்தாள்.

"பன்னெண்டு கம்பி கிடார் வேணுங்க. என் பேரு ஜெயபிரியா. இண்டூர்ல இருந்து வர்றோம். அவரு எங்க வூட்டுக்காரரு, மாதேஷ்."

"யாருக்குங்கக்கா? அண்ணனுக்கா?"

"எனக்குத்தாங்க. ஆறு கம்பி நல்லா வாசிப்பேன். பன்னெண்டு இதுதான் மொதல் தடவை."

கல்லாவில் அமர்ந்திருந்த அன்ஜுமின் தந்தை மஸ்தான் சிரித்தார்.

"ஆறுல வராத பாட்டாம்மா பன்னெண்டுல வந்துடப் போவுது? விரலுதான் தேயும்."

"வந்தாலும் வருங்க. அதுக்குத்தானே வந்திருக்கோம்."

கடையில் அவ்வகைக் கிடார்கள் மூன்று இருந்தன. அன்ஜும் முதலாவதை எடுத்துச் சுருதி சேர்த்து நீட்டினாள். ஜெயபிரியா மடியில் வைத்துக்கொண்டு, எல்லாக் கம்பிகளையும் ஒரே இழுப்பில் மீட்டினாள்.

ஒருத்தி பாட, அவளுடைய தங்கை மேல் சுருதியில் உடன் பாடியதைப் போல நாதம் இரண்டாய் எழுந்தது. மஸ்தான் வாய்க்குக் கொண்டுபோன தேநீர் பாதி வழியிலேயே நின்றது.

"அம்மாடி!" என்றாள் ஜெயபிரியா. தன் கையிலிருந்துதான் அந்த ஓசை பிறந்தது என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

பிறகு புருவத்தை உயர்த்திக் கணவனைப் பார்த்தாள். அவன் கிடாரின் பெட்டிமேல் உள்ளங்கையைப் பதித்திருந்தான்.

"அண்ணா, அதும்மேல கை வெச்சா நாதம் அமுங்கிடுங்க," என்றாள் அன்ஜும்.

அவன் கையை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அடுத்ததைக் குடுங்க," என்றாள் ஜெயபிரியா.

"ஏனுங்கக்கா, உங்களுக்குப் புடிக்கலையா?"

"எனக்கா? உசுரே அதுல ஒட்டிக்கிச்சுங்க. பரவால்ல, அடுத்ததைப் பாப்போம்."

இரண்டாவது கிடாருக்கும் அதே புருவம், அதே உள்ளங்கை, அதே தலையாட்டல்.

அன்ஜும் கல்லாவுக்கு வந்து பொருமினாள்.

"பாத்தீங்களா அத்தா? வாசிக்கறது அந்தக்கா, முடிவு பண்றது அவரு! சந்தையில மாட்டைத் தடவிப் பாக்கற மாதிரி தடவுறாரு. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசுனாரா?"

"மெதுவாப் பேசு. காதுல வுழுந்துடப் போவுது."

"வுழட்டும்!"

மூன்றாவது, மற்ற இரண்டையும்விட அகன்ற வயிறுடையது. அதைக் கழற்றித் தரும்போதே மஸ்தான் உண்மையைச் சொன்னார்.

"இது ரொம்ப அதிரும்மா. தடிச்ச கம்பிங்க கொஞ்சம் உறுமும். காதுக்குச் சுகம்னா மொதல்ல பாத்ததுதான்."

ஜெயபிரியா இம்முறை வெறுமனே மீட்டவில்லை. ஒரு பாட்டையே வாசித்தாள்.

கண்ணாடிப் பெட்டியின்மேல் இருந்த தகர டப்பா, உள்ளே கிடந்த, கம்பி மீட்டும் வில்லைகளோடு கிலுகிலுத்தது. அன்ஜுமின் செருப்பில்லாத பாதங்களுக்கு அடியில் தரை சன்னமாய் நடுங்கியது.

மாதேஷின் உள்ளங்கை அசையாமல் நின்றது. மறு கையையும் அவன் கிடாரின் பெட்டிமேல் வைத்தான்; கண்களை மூடினான். அவனுடைய சுட்டுவிரல் மெல்ல எழுந்து, பாட்டின் தாளத்தைப் பிசகாமல் தட்டத் தொடங்கியது.

பாட்டு முடிந்தது. கண் திறந்தவன், ஆம் என்று தலையை ஆட்டினான்; ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"இதையே கட்டிக் குடுத்துடுங்க," என்றாள் ஜெயபிரியா.

அதற்குமேல் அன்ஜுமால் பொறுக்க இயலவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்களுக்குப் புடிச்சது மொதல் கிடாரு. வாசிக்கப் போறவங்களும் நீங்கதான். அவரு தலையாட்டலைங்கறதுக்காக ஏன் வுட்டுக் குடுக்கறீங்க? அண்ணன்கிட்ட எடுத்துச் சொல்லுங்க!"

ஜெயபிரியா கோபப்படவில்லை. கணவனின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு, அன்ஜும் சொன்னதை எல்லாம் உதட்டைத் திறக்காமல், இரு கைகளாலும் காற்றில் எழுதிக் காட்டினாள்.

அன்ஜும் அந்த விரல்களையே பார்த்தாள்.

மாதேஷ் மனைவியின் முகத்தைச் சுட்டினான்; முதல் கிடாரைச் சுட்டினான்; படபடவென்று விரல்களால் ஏதோ சொன்னான்.

"அண்ணன் என்னங்கக்கா சொல்றாரு?" என்று மெல்லக் கேட்டாள் அன்ஜும்.

"மொதல் கிடாரை வாசிக்கறப்போ என் மொகம் பூத்துடுச்சாம். அதையே எடுத்துக்கச் சொல்லிச் சண்டை புடிக்கறாரு."

"அப்போ... வேணாம்னு தலையாட்டினாரே?"

"வேணாம்னு எங்கங்க சொன்னாரு? 'கேக்குதா?'ன்னு புருவத்தைத் தூக்கி நான் கேட்டேன். 'இல்லை'ன்னாரு." அகன்ற வயிற்றுக் கிடாரை ஜெயபிரியா மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஆறு கம்பியில வாசிச்ச வரைக்கும், பொறந்ததுல இருந்து காது கேக்காத இந்த மனுசன் என் விரலைத்தான் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. இன்னைக்குத்தாங்க என் பாட்டைக் கேட்டாரு."