ஸ்மார்ட் போர்டில் இசக்கிராஜ்

“என் பேரு இசக்கிராஜ். வயசு இருபத்தொண்ணு. எந்த நாடுன்னு தெரியல, ஒரு எல்லை ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கேன்” என்று ஸ்மார்ட் போர்டில் எழுத்துகள் வந்து விழுந்ததும், வகுப்பே ராகம் போட்டு வாசித்தது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அன்று மாதிரி வகுப்பு. செல்போனைப் போர்டோடு இணைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டியவள் முத்துச்செல்வி. எதிரே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்தவர்கள் அவளோடு படிக்கிறவர்கள். போர்டில் எது வந்தாலும் பிள்ளைகள் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

“யாருட்டி இந்த இசக்கி? உன் ஆளா?” என்று ஒருத்தி கண்ணடித்தாள்.

வெளிநாட்டு வேலைக்கென்று விமானம் ஏறிய அவள் தம்பி இசக்கிராஜிடமிருந்து மாதக்கணக்கில் பேச்சில்லை. இப்போது வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அவன் வந்திருக்கிறான். வயரைப் பிடுங்கப் போன முத்துச்செல்வியின் கை பாதியில் நின்றது.

“கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிட்டு வந்து பூட்டி வச்சிருக்காவ,” பிள்ளைகள் நீட்டி முழக்கினார்கள். “அடிச்சதுல கை வீங்கிட்டு. வாயால பேசித்தான் டைப் பண்ணுதேன்.”

அத்தோடு ராகம் அறுந்தது. அடுத்த வரி வந்தது. முத்துச்செல்விதான் வாசித்தாள்.

“இத யாரு படிச்சாலும் அம்மைக்கு வாசிச்சுக் காட்டிராதீய. இத அப்படியே எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸுக்கு ஓடுங்க.”