மோட்டேவுக்குக் குளிர் ஆகாது

“அஞ்சு மணிக்குக் கரண்ட் போயிடும். வெந்நீர் வச்சு, பாட்டில்ல ஊத்தி, துணி சுத்தி மோட்டே பக்கத்துல வைக்கணும். இன்னிக்கு ஒரு நாள் நீ செய்யேன்.”

“பல்லிக்கு ஆயா வேலை பார்க்கவா என்னைப் பெத்துப் போட்டாங்க?” லவுரோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சோய்லா வேலைக்குக் கிளம்பினாள். புருஷனோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை. அணை வற்றிப்போனதால் குவென்கா நகரம் முழுக்க முறை வைத்துக் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மெஷின் நின்றால் படுக்கை விரிப்பையெல்லாம் கையால் கசக்க வேண்டும். அது போதாதென்று வீட்டில் இந்த மஞ்சள் பல்லி.

மகன் ஃபாபியான் வளர்த்தது. வேகவைத்த சோளம், அதாவது மோட்டே, மாதிரி இருக்கிறதென்று அந்தப் பெயரையே வைத்தான். அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று, சூட்டுக்குப் பல்பு பொருத்திய கண்ணாடிப் பெட்டியை அவள் மடியில் வைத்து, “அம்மா, இதுக்கு நம்ம மலைக் குளிர் ஆகாது. பார்த்துக்கோ” என்றான்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்து லவுரோ மகனோடு பேசுவதில்லை. போன் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவான்.

“அந்தச் சனியனை ஒரு நாள் ஆத்துல விடத்தான் போறேன்” என்பது அவனுடைய தினசரிப் பாட்டு.

அன்று சாயங்காலம் சிக்னலும் செத்து, பஸ்ஸெல்லாம் அங்கங்கே நின்றுவிட்டன. சோய்லா நடந்தே வந்தாள். ஊசியாய்க் குத்தியது காற்று. அவள் நினைப்பெல்லாம் பெட்டியில்தான். அது விறைத்துப் போயிருந்தால் பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கதவைத் திறந்தால் ஒரே இருட்டு. ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை. கம்பளிப் போன்சோ அங்கியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு மகாராஜா மாதிரி கட்டிலில் கிடந்தான் லவுரோ.

“வெந்நீர் வச்சியா?”

“கேஸ் தீர்ந்துபோச்சு. வண்டியும் வரல.”

“பக்கத்து வீட்டுல கேட்டா என்ன?”

“அங்கயும் இல்லையாம்.”

போன் வெளிச்சத்தில் பெட்டியைப் பார்த்தாள். மூடி திறந்திருந்தது. உள்ளே மோட்டே இல்லை.

சோய்லாவால் அழக்கூட முடியவில்லை. அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“சொன்னதைச் செஞ்சிட்ட, இல்ல? உன் கோபம் அவன் மேல. வாயில்லா ஜீவன் என்னய்யா பண்ணுச்சு? என் புள்ள ஞாபகமா இந்த வீட்டுல மூச்சு விட்டுக்கிட்டு இருந்தது அது ஒண்ணுதான்.”

“மெதுவா பேசு.”

“எதுக்கு மெதுவா பேசணும்? ஊருக்கே கேக்கட்டும்.”

லவுரோ போன்சோவின் ஓரத்தைக் கொஞ்சமாய் விலக்கினான். பனியனுக்கு மேலே, அவன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது மோட்டே.

“இப்பத்தான் உடம்புல சூடு ஏறிக் கண்ணசந்திருக்கு. கரண்ட் போனதுலேர்ந்து நான் புரண்டுகூடப் படுக்கல, ஒன்னுக்கு முட்டுது. சீக்கிரம் கையில வாங்கு. அப்புறம், அவன் போன்ல கேட்டா நீதான் பார்த்துக்கிட்டேன்னு சொல்லிடு.”