சின்னத் திருத்தம்

உலகத்தார் அனைவரும் அறிக: கணினியைப் போட்டதும் முதலில் கண்விழிக்கிற ஒரு திறமூல மென்பொருளின், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பக்கூடிய கையேட்டில், பத்து வருடங்களாகக் காற்புள்ளிகளைக் காத்துவருபவன் நானே. சம்பளம் கிடையாது. கடைசிப் பக்க நன்றிப் பட்டியலில் என் பெயர் உண்டு. என் சொத்து அவ்வளவுதான்.

இன்று காலை அந்தப் பெயரைக் காணவில்லை. நேற்று மாலை நானே நீக்கியதாகக் கையேட்டின் திருத்தப் பதிவேடு சொன்னது. தலைப்பு, நான் எப்போதும் போடுகிற அதே 'சின்னத் திருத்தம்'. நேற்று மாலை என் கணினி பழுதுபார்க்கும் கடையில் குடல் தெரியக் கிடந்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

திருத்தங்களுக்கு ஒப்புதல் தருபவன் என் மனைவியின் தம்பி. போன் போட்டேன்.

"என் பேரையே எடுத்திருக்கு, நீ எப்படிடா ஓகே பண்ணே?"

"நீங்க அனுப்பினதுதானே மாமா? உங்க காற்புள்ளியை எல்லாம் எவன் படிப்பான்? பத்து வருஷமா கண்ணை மூடிட்டுத்தான் அமுக்கறேன்."

வீட்டுக்கு வந்துவிட்ட கணினியில் பெயரைத் திரும்பச் சேர்த்து அனுப்பினேன். உடனே ஏற்றான். கணினியை அணைத்து, செருகியையும் பிடுங்கினேன். பிறகு போனில் பார்த்தேன். என்னிடமிருந்து இன்னொரு சின்னத் திருத்தம் போயிருந்தது; பட்டியலில் மறுபடி என் பெயர் இல்லை.

அதையும் ஏற்றிருந்தான்.